அறுபத்திரண்டு பட்டும் ஒரு பகையும்

முதலில் அந்தப் போனைக் கீழே வை தாயி. படம் அப்புறம் எடுக்கலாம். மெட்ராஸில் இருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது நான் சொல்வதைக் கேட்கத்தானே? கேள். பாதியில் எழுந்து போகக் கூடாது. அந்த இலைக்கட்டைத் தள்ளிவிட்டுப் பெஞ்சில் உட்கார். ஈரம் இருக்கும், பார்த்து.

வந்ததும் வராததுமாகப் பூமி சூடாகிறது என்றாய். புதுத்துணி வாங்குவதைக் குறைக்க வேண்டும், இருப்பதைப் பகிர்ந்து உடுத்த வேண்டும், அதற்கு இந்த ஊரில் ஒரு பெண் வழி காட்டியிருக்கிறார், அவரைப் பற்றி எங்கள் பத்திரிகையில் இரண்டு பக்கம் என்றாய். நல்லது. பூமிக்கு நன்மை நடந்தால் நடந்துவிட்டுப் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. வியாபாரத்தில் சொல்லுவேன், அது வேறு. நான் இதைப் பூமிக்காகச் செய்யவில்லை. குத்தாலிங்கத்தின் பட்டு மாளிகைக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று செய்தேன். எழுதிக்கொள். உலகம்மாள், வாழை இலை வியாபாரம், ஒரு மனுஷன் கடையை மூட வைப்பதற்காக ஊர்ப் பெண்களையெல்லாம் சேலை மாற்றிக் கட்ட வைத்தாள். இப்படியே எழுது.

ஏன் எழுதாமல் பார்க்கிறாய்? பேனா இல்லையா? இந்தா.

நான் பதினேழு வயதில் தலையில் இலைக்கட்டோடு தென்காசி மார்க்கெட்டுக்கு நடந்தவள். கட்டியவன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான், போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். அந்தக் கதை உனக்கு வேண்டாம். அவன் முறை இன்னும் வரவில்லை. கையில் ஒரு பெண்பிள்ளை. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. பேரம்தான் எனக்குப் படிப்பு. தோட்டக்காரனிடம் பேரம், லாரிக்காரனிடம் பேரம், கல்யாணச் சமையல்காரனிடம் பேரம். பேரம் பேசாமல் வாங்கிய சாமான் வீட்டில் இருந்தால் அது எனக்கு விருந்தாளி மாதிரி இருக்கும், சொந்தமே ஆகாது. இன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் இலை விழுந்தாலும் அது என் கை பட்ட இலை.

எட்டு வருஷம் முன்னால் என் மகள் பகவதிக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கம் ஜவுளி எடுக்க இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் போவோம். சித்தி, பெரியம்மா, அத்தை என்று பதினாலு பேர். முகூர்த்தப் பட்டு நான் எடுப்பதாகப் பேச்சு. குத்தாலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போனோம். அப்போது எனக்கும் அவன் அண்ணாச்சிதான். அவன் கல்யாணத்துக்கு இலை போட்டதே நான்தான். பஜாரில் மாடிக்கடை. வெள்ளை மெத்தை விரித்து, உட்கார்ந்ததும் கலர் சோடா உடைத்துக் கொடுப்பான்.

அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுத்துப் போட்டான். பகவதி முகம் மாறிவிட்டது. பிள்ளை ஆசைப்பட்டுவிட்டாள் என்று கடைக்காரனுக்குத் தெரியலாமா? உடனே நான், "இது என்ன, மழையில நனைஞ்ச செங்கல் மாரி இருக்கு" என்றேன். அவன் விலை சொன்னான். நான் பாதி கேட்டேன்.

"உலகம்மா, இது ஒரே விலைக் கடை. போர்டு பாக்கலியா?"

"போர்டு நீங்க எழுதுனதுதான அண்ணாச்சி? சாமியா வந்து எழுதிட்டுப் போச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சரி, மனுஷன் வழிக்கு வருகிறான் என்று நினைத்தேன். கொஞ்சம் ஏற்றினேன். அவன் இறங்கவில்லை. இன்னொரு பட்டு எடுக்கச் சொன்னேன், இன்னொன்று, இன்னொன்று. காலையில் கடை திறந்ததும் உட்கார்ந்தவள், சாப்பாட்டு நேரம் வரைக்கும் முப்பது பட்டை விரித்துப் போட வைத்தேன். அவன் பல்லைக் கடிப்பது காதில் கேட்டது. கடைசியில் நான் எழுந்தேன். எழுந்து போனால்தானே பேரம் முடியும்? போகிறவளைக் கடைக்காரன் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. மூன்று படி இறங்கினேன். கூப்பிட்டான்.

என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று கேள்.

"உலகம்மா! இது பட்டு, வாழையிலைக் கட்டு இல்ல. முடியலேன்னா யாருகிட்டயாவது இரவல் வாங்கி மகளுக்குக் கட்டிவிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

கடைப் பெண்கள் சேலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். என் சித்தி சிரித்தாள். சுரண்டைச் சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

நான் படியிலேயே திரும்பி நின்றேன். "சரி அண்ணாச்சி. இரவல்தான? கட்டிவிடுதேன். எம் மகளுக்கு மட்டும் இல்ல, இந்த ஊருக்கே கட்டிவிடுதேன். நீங்க இந்த மெத்தையில உக்காந்து ஈ ஓட்டுங்க."

அன்றைக்கே பின்தெரு ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போனேன். "டீச்சர், உங்க பட்டு ஒண்ணு இரவல் வேணும்."

"இரவல் என்ன இரவல், சும்மா எடுத்துட்டுப் போங்க உலகம்மா."

"சும்மா வேண்டாம். இரவல்னு சொல்லிக் குடுங்க."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பீரோவைத் திறந்தார்கள். திறந்ததும் பாச்சை உருண்டை நாற்றம். ஒன்பது பட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக, செத்துக் கிடக்கிற மாதிரி. "ஏன் டீச்சர் கட்டுறதில்லையா?" என்றேன். "ஒரு தடவ கட்டினதை அதே சொந்தக்காரங்க முன்னாடி மறுபடி எப்படிக் கட்டுறது? வீடியோவில விழுந்திருச்சே" என்றார்கள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த ஊரில் ஒரு பட்டுக்கு ஆயுள் ஒரு வீடியோ! டீச்சர் சொந்தமெல்லாம் சர்ச் தெரு. என் சொந்தத்தில் ஒருத்தர்கூட அந்த வீடியோவைப் பார்த்திருக்க மாட்டார்கள். டீச்சர் பட்டு என் வீட்டுக் கல்யாணத்தில் புதுசு. என் பட்டு அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் புதுசு. அப்புறம் குத்தாலிங்கம் எதற்கு?

கல்யாணத்தன்று டீச்சர் பட்டைக் கட்டிக்கொண்டு பகவதி மேடை ஏறுகிற நேரத்தில் சம்பந்தியம்மா ஒரு கல்லைப் போட்டாள். "தாலி கட்டும்போது கோடித் துணிதான் உடுத்தணும் மதினி. அடுத்தவங்க கட்டின சேலை ஆகாது." நான் இதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஒரு முழம் புது மல்லுத்துணி வாங்கி மஞ்சளில் நனைத்துக் காயவைத்திருந்தேன். அதை முந்தியில் முடிந்தேன். "இந்தா கோடி. மிச்சமெல்லாம் சும்மா துணைக்கு வருது." ஐயரைக் கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, "கோடி உடுத்தணும்னுதான் இருக்கு, எத்தனை முழம்னு இல்லையே" என்றார். நல்ல மனுஷன். அவர் வீட்டுக்கு இன்றைக்கும் இலை நான்தான் அனுப்புகிறேன்.

அந்த மண்டபத்தில் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னேன். என் மகள் கட்டியிருப்பது இரவல், இரவல், குத்தாலிங்கம் சொல்லிக் கட்டிய இரவல். ஒருத்தர் பாக்கியில்லை. பகவதி மேடையிலேயே அழுதாள். கண்மையெல்லாம் கரைந்துவிட்டது. பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை, எல்லாப் பெண்ணும் அழத்தானே செய்வாள்? இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறாள், வந்தாலும் காபி குடித்துவிட்டு அடுத்த பஸ் என்கிறாள். சுரண்டையில் வேலை அதிகம்.

அப்புறம் இந்த அலமாரியை வாங்கினேன். பழையதுதான், பாங்கிக்காரன் கழித்துப் போட்டது, அதற்கும் ஒரு மணி நேரம் பேரம். சட்டம் ஒன்றுதான்: நீ ஒரு பட்டு கொண்டுவந்து வை, உள்ளே இருக்கிற எந்தப் பட்டையும் எடுத்துக் கட்டு. இன்றைக்கு உள்ளே அறுபத்திரண்டு பட்டு. வாடகை கிடையாது. வாடகை வாங்கினால் அது வியாபாரம். வியாபாரம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டி வரும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எனக்கு ஒரு வசதி பார். கல்யாணத் தேதி குறித்ததும் முதலில் என்னிடம்தான் வருவார்கள், இலைக்குச் சொல்லி வைக்க. ஜவுளிக்கு அப்புறம்தான் போவார்கள். அந்த இடைவெளியில் நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். யாருக்கு யார் சொந்தம், யார் எந்தக் கல்யாணத்துக்குப் போவார்கள், எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பந்தியைப் பார்த்தவள். ரைஸ்மில் வீட்டுப் பட்டைப் பள்ளிவாசல் தெருவுக்கு அனுப்புவேன். பள்ளிவாசல் தெருப் பட்டைக் கீழத்தெருவுக்கு. கீழத்தெருப் பட்டை மேலத்தெருவுக்கு. எந்தக் கண்ணும் ஒரே சேலையை இரண்டு தடவை பார்க்காது.

முதலில் மேலத்தெருக்காரிகள் மூக்கைச் சுளித்தார்கள். "யாரு கட்டினதுன்னே தெரியாம எப்படி மதினி உடுத்துறது?"

"குத்தாலிங்கம் கடையில நீ எடுக்கியே, அதை உனக்கு முன்னாடி எத்தனை பேரு தோளில போட்டுக் கண்ணாடி பாத்தாங்கன்னு உனக்குத் தெரியுமாட்டி? தெரியாதுல்ல? உடுத்துதல்ல? இதையும் உடுத்து."

வாயை மூடிக்கொண்டு உடுத்தினாள். நீ வரும்போது என்னவோ சொன்னாயே, தெரு வித்தியாசம் பார்க்காமல், சமூக மாற்றம், அது இது என்று. எனக்கு அதெல்லாம் தெரியாது தாயி. எனக்குத் தெரிந்தது ஒன்று, அவன் கடைக்கு ஆள் போகக் கூடாது. அவன் கடைப் பையோடு ஒரு வீட்டுக்குள் ஆள் நுழைந்தால் அந்த வீட்டுப் பந்திக்குக் கிழிசல் இலையை அனுப்பினேன். ரசம் இலையில் நிற்காது. ஊரே தெரிந்துகொண்டது.

முதல் ஆவணியில் அவனுக்கு விளங்கவில்லை. அடுத்த தையில் விளங்கிவிட்டது. ஒரே விலை போர்டைக் கழற்றிவிட்டுத் தள்ளுபடி போர்டு மாட்டினான். நான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு டீ குடித்தேன். அன்றைக்கு எனக்குத் தள்ளாதவன் இன்றைக்கு ஊருக்கே தள்ளுகிறான். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து வைகாசியில் அந்தப் பக்கம் போகிறேன், அவன் கடைப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. பெண்கள் கூட்டம்! மாடி ஏறினேன். பட்டு வைத்திருந்த இடமெல்லாம் ஜாக்கெட் துணி. நூறு நிறம், இருநூறு நிறம். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான்.

"வா உலகம்மா, வா! உனக்குத்தான் நான் மாலை போடணும். முன்னால ஒரு பட்டு வித்தா ஒரு ஜாக்கெட். இப்ப ஒரு பட்டை நீ இருபது பேருக்குக் கட்டிவிடுத, இருபது ஜாக்கெட் வேணும்லா? ஏய், உலகம்மாவுக்கு ஒரு கலர் உடைங்க!"

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சேலையை நினைத்த புத்தி ஜாக்கெட்டை நினைக்கவில்லையே. என் கையாலேயே அவனுக்கு ஊட்டிவிட்டிருக்கிறேனே!

மூன்றாம் நாள் தையல்கார ஆமினா அக்கா வீட்டில் போய் விழுந்தேன். "அக்கா, அவன் சிரிச்சிட்டான். நீங்கதான் வழி சொல்லணும்."

ஆமினா அக்கா வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார்கள். "சரிகைக்கு எந்தப் பட்டுதான் சேராது? பொன் நிறத்துல ஜாக்கெட் தைப்போம். உள்ள நாலு விரல் துணி விட்டுத் தைக்கேன், குண்டா இருக்கறவ பிரிச்சுக்கட்டும். முதுகுல கயிறு வச்சிட்டா ஒல்லியா இருக்கறவ இழுத்துக் கட்டிக்கட்டும்."

"துணிக்கு எங்க போக? அவன்கிட்டயா?"

"உன் அலமாரியில உடம்பு கிழிஞ்ச பட்டு ஏழெட்டு கிடக்குல்லா? முந்தியில சரிகை அப்படியே இருக்கும். வெட்டு."

வெட்டினேன். வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் பெயரைச் சொன்னேன். பதினாறு ஜாக்கெட். அந்தப் பதினாறுதான் இந்த ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அடுத்த வைகாசிக்கு அவன் படியில் என் செருப்பு வைக்க இடம் இருந்தது. அதற்கும் அடுத்த வைகாசியில் கடையை மூடினான்.

மூடின அன்று காலையில் இருந்தே நான் டீக்கடையில். ஷட்டரை அவனே இழுத்தான். அந்தச் சத்தம்! நாதஸ்வரம் என்ன நாதஸ்வரம். சாவியை மடியில் சொருகிக்கொண்டு ரோட்டைக் கடந்து நேரே என்னிடம் வந்தான். தலை குனிந்து வருவான் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு டீ சொல்கிறான்.

"முடிச்சிட்டேன் உலகம்மா. சர்க்கரை ஏறிப்போச்சு. உக்காந்து உக்காந்து முட்டும் போச்சு. எம் பொண்டாட்டி கோமதி நாலு வருஷமா விடுங்க விடுங்கன்னா. இப்பதான் நிம்மதி."

நிம்மதியா! நான் மூட வைத்த கடையை, தான் மூடியதாகச் சொல்கிறான்! "அன்னிக்குப் படியில வச்சு எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். நெற்றியைத் தடவினான். "என்ன சொன்னேன்?"

சொன்னேன், எழுத்து மாறாமல். "அப்படியா சொன்னேன்? வாய்க்கொழுப்பு. மனசுல வச்சுக்காத" என்று என் தோளைத் தட்டிவிட்டு டீயை ஊதிக் குடித்தான்.

இது மன்னிப்பா? நீயே சொல். பதினாலு பேருக்கு முன்னால் சொன்னதை, கிளாஸ் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், டீக்கடைக்காரனுக்குக்கூடக் கேட்காமல் துடைத்துவிட்டுப் போவதா? வருஷக்கணக்காக நான் சோறு மாதிரி தின்ற வார்த்தை அவனுக்கு ஞாபகமே இல்லை. கடை போனது எனக்குப் போதாது தாயி. ஊர் கேட்க வேண்டும். ஊர் சிரிக்க வேண்டும்.

தெய்வம் கண்ணைத் திறந்தது. போன ஆவணியில் அவன் மகள் சுபாஷினிக்குக் கல்யாணம். ஒரு நாள் காலையில் அந்தப் பெண்ணே இங்கே வந்து நிற்கிறாள். "அத்தை, அந்த மயில்கழுத்துப் பட்டு எனக்கு வேணும். ராசியான பட்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. ஏழு பேரு கட்டி மேடை ஏறியிருக்காங்களாமே? ஏழு பேரும் நல்லா இருக்காங்களாம்."

"உங்க அப்பா என்ன சொல்லுதாரு?"

"அப்பாதான் அத்தைகிட்டப் போய்க் கேளுன்னாங்க."

உடனே அலமாரியைத் திறந்தேன். என் கையாலேயே அந்தப் பட்டை நிழலில் உலர்த்தி, மடித்து, மஞ்சள் துணியும் நனைத்துக் கொடுத்தேன். பொன் ஜாக்கெட்டில் அவளுக்கு அளவு பார்த்தேன். ஆமினா அக்கா கேட்டார்கள், "என்ன உலகம்மா, சொந்த மகளுக்குக்கூட இப்படிப் பாக்கலியே நீ?" என்று. ஆட்டுக்கு மாலை போடுகிறவன் ஆட்டிடம் சொல்லிவிட்டா போடுவான்?

மண்டபத்தில் எள் போட இடமில்லை. தாலி கட்டி முடிந்தது. மேளம் ஓய்ந்தது. வாழ்த்துப் பேசுகிறவர்களுக்கு மைக் வைத்திருந்தார்கள். நான் போய் அதைப் பிடுங்கினேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! பட்டு மாளிகை குத்தாலிங்கம் பெத்த மக, மேடையில கட்டியிருக்கது இரவல் பட்டு! என் அலமாரிச் சேலை! அப்பன் ஊருக்கெல்லாம் பட்டு வித்தவரு, மகளுக்கு இரவல்!"

இதோ, இப்போது சிரிப்பார்கள் என்று நின்றேன். மூன்றாவது வரிசையில் ரைஸ்மில்காரர் பெண்டாட்டி எழுந்தாள். பல்லெல்லாம் தெரிய, "அது எங்க வீட்டுப் பட்டுல்லா!" என்றாள். பின்னால் இருந்து ஒருத்தி, "போன தையில என் மருமக கட்டினது!" என்றாள். பள்ளிவாசல் தெருவில் இருந்து வந்தவள், "எங்க மூத்தவ நிக்காவுக்கு அதுதான்!" என்று கையைத் தூக்குகிறாள். கீழத்தெருச் செவந்தி முண்டியடித்துக்கொண்டு மேடைக்கே போய்விட்டாள், "கொசுவம் சரியா வைக்கலட்டி, அந்தச் சேலைக்கு இப்படி வைக்கணும்" என்று பெண்ணுக்கு மடிப்புச் சரி செய்கிறாள். வீடியோக்காரன் இருக்கிறானே, பாவிப்பயல், "அந்தப் பட்டைக் கட்டினவங்கல்லாம் மேல வாங்க" என்று கூப்பிடுகிறான். ஏழு பேர் ஏறி வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கை தட்டுகிறார்கள்! மேளக்காரன் வேறு கெட்டிமேளம் மாதிரி ஒரு தட்டு தட்டினான்.

குத்தாலிங்கம் ஓரத்தில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தான். அவமானத்தில் அழுகிறான் என்று கிட்டே போனேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "உலகம்மா, எம் மகளை எவ்வளவு பெருமையா எடுத்துச் சொன்ன! இந்த வாழ்த்தை யாரும் சொல்லல" என்றான்.

மைக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை. நான் அனுப்பிய இலையில் நானே உட்காரவில்லை.

சொல் தாயி, இது என்ன நியாயம்? ஒரு காலத்தில் இரவல் சேலை என்று ஒரு சொல் சொன்னால் இந்த ஊர்ப் பெண் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். ஒரு மாசம் வெளியே தலை காட்ட மாட்டாள். இன்றைக்கு மைக்கில் சொல்கிறேன், கை தட்டுகிறார்கள்! இந்த ஊருக்கு மானம் இல்லை, ரோசம் இல்லை, ஒருத்திக்கும் சுரணை இல்லை. இவர்களை யார் இப்படிக் கெடுத்தார்களோ தெரியவில்லை. அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்!

அதனால்தான் உன்னை உட்கார வைத்தேன். உன் பத்திரிகையில் பூமி கீமி எல்லாம் நாலு வரி போட்டுக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பட்டு மாளிகை குத்தாலிங்கம் மகள் இரவல் பட்டில் கல்யாணம் பண்ணினாள் என்று மேலே பெரிய எழுத்தில் போடு. மெட்ராஸ்காரர்களாவது சிரிப்பார்கள் இல்லையா? அங்கே மானம் ரோசம் உள்ளவர்கள் இருப்பார்கள்.

என்ன, எழுதாமல் எழுந்துவிட்டாய்? அந்தக் கிளிப்பச்சையையா பார்க்கிறாய்? அது கம்பவுண்டர் வீட்டுப் பட்டு. தொட்டுப் பார், ஒன்றும் ஆகாது. ஏன் முகம் சிவக்கிறது? ஓ... உனக்கு எந்த மாசம் கல்யாணம்?